ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளி: டிசி முதல் டீம் லிஸ்ட் வரை, ஒரு வடசென்னை அப்பாவின் குறிப்புகள்

துறைமுகத்திலிருந்து கன்டெய்னரை வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இருபது வருடமாக ராஜாஜி சாலையில் காகிதம் சுமக்கிறேன். ஒரு தாள் குறைந்தாலும் சரக்கு நகராது என்று அடுத்தவர்களுக்குச் சொல்லித் தருகிற ஆள். அந்த நானே, மகளை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு தனியார் பள்ளிக்கு மாற்றப் போய், ஏப்ரலில் தொடங்கி ஜூலை பாதி வரை அலைந்தேன். மெட்ரிக் பள்ளிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் முதல்முறையாகத் தனியார் பள்ளிப் படியேறப் போகிறவர்களுக்கு உதவும்.

1. எந்த வகுப்பில் நுழைவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இடைநிலை, மேல்நிலையில் உள்ளே போக மூன்று கதவுகள்தான்: ஆறு, ஒன்பது, பதினொன்று. ஏழு, எட்டில் யாராவது போனால் இடம் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் புதிதாக யாரையும் சேர்க்க மாட்டார்கள்; ரிசல்ட் சதவீதம் கெடும் என்ற பயம். ஆகவே மாற்ற வேண்டும் என்றால் எட்டு முடிந்ததும் மாற்றிவிடுங்கள். "ஒன்பது முடியட்டும், பார்க்கலாம்" என்று விட்டவர்கள் என் தெருவிலேயே இரண்டு பேர். இரண்டு பிள்ளைகளும் பழைய பள்ளியிலேயே பத்து முடிக்க வேண்டியதாயிற்று.

பிள்ளை இப்போது அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ படித்தால், ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு மாற்றுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் இருக்கிறது. கல்லூரி போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் வைத்துத்தான். நடுவில் தனியாருக்கு மாற்றினால் இவை கைவிட்டுப் போகும். என் மகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, எல்கேஜியிலிருந்தே தனியார்தான். இருந்தாலும் பக்கத்து வீட்டு அக்கா பையனை மாற்றப் போகிறேன் என்று கிளம்பியபோது இதைச் சொன்னேன், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) ஒதுக்கீட்டில் எல்கேஜியில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொன்று. அரசு பணம் கட்டுவது எட்டாம் வகுப்பு வரைதான். அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு தொடர்ந்தாலும் முழுக் கட்டணம் உங்கள் தலையில் வரும். இது தெரியாமல் ஜூனில் போய் நின்று முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. பள்ளியைப் பார்க்க மாலையில் போங்கள்

காலையில் போனால் ரிசப்ஷனில் உட்காரவைத்து, நூற்றுக்கு நூறு எடுத்தவர்களின் ஃப்ளெக்ஸைக் காட்டுவார்கள். மூன்றரை மணிக்கு, பள்ளி விடும் நேரத்தில் போய் கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியே வருகிறார்களா, ஐந்தரை வரை ஸ்பெஷல் கிளாஸா? மைதானத்தில் யாராவது விளையாடுகிறார்களா, வேன்கள் நிற்கிறதா? வெளியே வரும் ஏதாவது ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம், "பி.டி. பீரியட் வாரத்துக்கு எத்தனைம்மா?" என்று கேளுங்கள். நான் கேட்ட பெண் சிரித்தாள். "டைம்டேபிள்ல ரெண்டு இருக்கு அங்கிள், மேக்ஸ் மிஸ் எடுத்துக்குவாங்க." அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பேசியதைவிட இந்த ஒரு வரியில் எனக்கு அதிகம் புரிந்தது.

இன்னொன்று, அங்கீகாரம். எட்டு வரைக்கும் மட்டும் அனுமதி வைத்துக்கொண்டு ஒன்பது, பத்தும் நடத்தி, பொதுத் தேர்வுக்கு வேறொரு பள்ளியின் பெயரில் பிள்ளைகளை உட்காரவைக்கும் இடங்கள் உண்டு. 'பத்தாம் வகுப்பு வரை அங்கீகார உத்தரவு எந்த ஆண்டு வரை?' என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் அடையாளமாக இருக்கும் 11 இலக்க யுடைஸ் எண்ணையும் கேட்டு வாங்கி, இணையத்தில் போட்டுப் பார்த்தால் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று காட்டும். கேட்டதும் முகம் சுளித்தால் அதுவே பதில்.

பாடத்திட்டத்துக்காக மட்டும் மெட்ரிக் பள்ளியைத் தேடாதீர்கள். 2011இல் சமச்சீர் கல்வி வந்த பிறகு மெட்ரிக்கிலும் அரசுப் பள்ளியிலும் பாடப் புத்தகம் ஒன்றுதான்.

3. காகிதங்கள்

கேட்பது இவ்வளவுதான்: பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோர் ஆதார், ஜாதிச் சான்றிதழ், கடைசி வகுப்பின் மதிப்பெண் அட்டை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு, கடைசியாக அசல் டிசி (மாற்றுச் சான்றிதழ்). டிசி தவிர எதையும் அசலாகக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையில் பதியும்போது பெயர் வைக்காததால் பல பேருக்கு அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 14. கணக்கு புரிகிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஜாதிச் சான்றிதழ் ஈ-சேவை மையத்தில் 60 ரூபாய். பிசி, எம்பிசி என்றால் துணை வட்டாட்சியர், எஸ்சி என்றால் வட்டாட்சியர், எஸ்டி என்றால் கோட்டாட்சியர் கொடுப்பார். மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள், மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். 

இனி நான் மாட்டிய இடம். என் பெயர் ஏழுமலை. மகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரை ஆங்கிலத்தில் 'ஒய்' எழுத்தில் ஆரம்பித்து எழுதியிருக்கிறார்கள். என் ஆதாரில் 'இ'. பழைய பள்ளியில் ஏதோ ஒரு புண்ணியவான் 'ஏ' என்பதைப் பார்த்து ஆங்கில முதல் எழுத்தையே இனிஷியலாகப் போட்டுவிட்டார். ஒரே பெண்ணுக்கு மூன்று இனிஷியல். எட்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. கஸ்டம்ஸில் ஒரு எழுத்து மாறினால் நான் எவ்வளவு குதிப்பேன் என்பது என் மனைவிக்குத் தெரியும்; அவள் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம் என்றால், பள்ளிப் பதிவில் இருக்கும் பெயர்தான் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியலில் இருப்பதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அதற்கப்புறம் பாஸ்போர்ட், கல்லூரி, வேலை எல்லாம் அந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டுதான் போகும். பிறந்த தேதியைப் பத்துக்குப் பிறகு திருத்துவது சாமானிய வேலை இல்லை. ஆகவே பழைய பள்ளி டிசி எழுதுவதற்கு முன்பே, பெயர், இனிஷியல், பிறந்த தேதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி வர வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் நகலோடு கொடுங்கள். நான் இதைச் செய்யாமல் டிசி வந்த பிறகு திருத்தச் சொன்னேன். அதற்கே ஒன்பது நாள்.

4. டிசியும் எமிஸும்

டிசி கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னால் "சார் இல்ல, நாளைக்கு வாங்க"தான். மே மாதத்தில் அலுவலகம் பாதி நாள்தான் இருக்கும். ஏப்ரல் கடைசித் தேர்வு முடிந்த வாரமே கொடுத்துவிடுவது நல்லது.

எங்கள் பழைய பள்ளி, பெயர் வேண்டாம், கடைசி டெர்ம் பாக்கி 4,000 ரூபாயைக் காட்டி டிசியை நிறுத்தி வைத்தது. பாக்கி இருந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டண பாக்கிக்காக டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது, பாக்கி என்று டிசியில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. அதைச் சத்தம் போடாமல் சொல்லுங்கள். "பாக்கியைத் தருகிறேன், ரசீது கொடுங்கள், டிசி அது வேறு, இது வேறு" என்று சொன்னதும் அந்த கிளார்க் உள்ளே போய்விட்டு வந்தார். மறுநாள் கையில் கொடுத்தார்.

டிசி கையில் வந்தால் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. எமிஸ் என்று ஒன்று இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எமிஸ் எண் உண்டு. பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து பிள்ளையை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துத் தன் வகுப்பில் சேர்க்க முடியும். காகிதத்தில் டிசி, கணினியில் காமன் பூல், இரண்டும் வேண்டும். புதிய பள்ளியில் கணினி பார்க்கும் பெண் தினமும் என்னிடம் அதே வாக்கியத்தைச் சொல்வாள்: "அங்கிள், அவங்க இன்னும் விடல." வகுப்பில் மகள் உட்கார்ந்திருக்கிறாள், பெயர் மட்டும் பழைய பள்ளியிலேயே 19 நாள் இருந்தது.

டிசி வாங்கும் அன்றைக்கே, அங்கேயே நின்று, "எமிஸில் காமன் பூலுக்கு விட்டாச்சா, ஒரு தடவை காட்டுங்க" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

5. கட்டணம்: தாளில் இருப்பதும் கையில் கேட்பதும்

தனியார் பள்ளி வாங்க வேண்டிய கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழுதான் வகுப்புவாரியாக முடிவு செய்கிறது, 2009 சட்டப்படி. கல்லூரிச் சாலையில், டிபிஐ என்று சொல்லும் பள்ளிக் கல்வித் துறை வளாகத்தில் அலுவலகம் இருக்கிறது. "குழு நிர்ணயித்த உத்தரவைக் காட்டுங்க" என்று அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கும்போது பேரம் பேசுகிற குரல் வேண்டாம், பேருந்து நேரம் கேட்கிற குரலில் கேளுங்கள்.

எனக்கு ஒன்பதாம் வகுப்புக்கு ஆன செலவு: பள்ளிக் கட்டணம் 28,500. 'ஸ்மார்ட் கிளாஸ்' 6,000. புத்தகம், நோட்டு 7,400. சீருடை இரண்டு செட், விளையாட்டுச் சீருடை ஒன்று, ஷூ எல்லாம் 4,300. வேன் மாதம் 1,700 வீதம் 11 மாதம், 18,700. ஐடி கார்டு, டைரி, ஆண்டு விழா 1,500. மொத்தம் 66,400. ஆரம்பத்தில் எனக்குச் சொன்ன தொகை 28,500 மட்டும்தான்! "மொத்தம் வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், எழுதிக் கொடுங்க" என்று கேட்டிருக்க வேண்டும்.

இதில் குறைக்க முடிந்தவை சில. பாடப் புத்தகத்தைப் பாடநூல் கழகத்திலிருந்தே வாங்கலாம். இணையத்திலும் இலவசமாக இருக்கிறது. பள்ளி சொல்கிற கடையில் நோட்டு வாங்கினால் அட்டையில் பள்ளிப் பெயர் இருக்கும், உள்ளே தாள் ஒன்றுதான். கராத்தே, அபாகஸ், ரோபோடிக்ஸ் என்று பில்லில் தானாக வந்திருந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து எடுத்துவிடலாம். நான் ரோபோடிக்ஸை எடுத்தேன். மகள் ஒரு வாரம் பேசவில்லை. சரி, அது எங்கள் வீட்டுக் கணக்கு.

டொனேஷன், 'பில்டிங் ஃபண்ட்' என்று ரசீது இல்லாமல் கேட்டால் கொடுக்காதீர்கள். ரசீதில் டியூஷன் ஃபீஸ் எவ்வளவு என்று தனியாகப் போடச் சொல்லுங்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு அந்தத் தொகை மட்டும்தான் கழியும்.

6. வழி

பள்ளி எவ்வளவு தூரம் என்பதைவிட, நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் நம்ம பக்கத்தில் கேள்வி. கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றால் அன்றைக்கு முதல் பீரியட் போச்சு. மழை என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதை குளம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் விட வேண்டாம். அந்த லாரிகளை ஏற்றி அனுப்புகிற கூட்டத்தில் ஒருவன் சொல்கிறேன். 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, திருவொற்றியூர் தேரடி பக்கத்துப் பள்ளி என்றால் அதை யோசிக்கலாம். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. நான் இரண்டாம் வருடம் வேனை நிறுத்தியது இதனால்தான்.

7. படிப்பு எப்படி ஓடும்

செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழு ஆண்டு. இடையில் வாராந்திரத் தேர்வு, மாதத் தேர்வு என்று வந்துகொண்டே இருக்கும். ஒன்பதாம் வகுப்பை வேகமாக முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் பள்ளிகள் அதிகம். 'போர்ஷன் எப்போ முடியும்' என்று முதல் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். டியூஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். ஜூனிலேயே டியூஷனுக்குப் பணம் கட்டினால், பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்ததும் அந்தப் பணம் வீண்.

பத்தில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. ஆய்வகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள். பூட்டிய கதவுக்குள் தூசு படிந்த பீக்கர் இருக்கும் பள்ளியில் செய்முறை என்பது ரெக்கார்டு நோட்டு எழுதுவது மட்டும்தான்.

சிபிஎஸ்இயில் இந்தியோ வேறு மொழியோ எடுத்துப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தமிழ் ஒரு பாடம். ஒன்பதில் வந்து உயிரெழுத்தில் தொடங்கிய பையன் ஒருவன் மகளின் வகுப்பில் இருந்தான். தமிழ் ஐயா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒரு ஐயா இருக்க மாட்டார்.

8. விளையாட்டும் மற்றவையும்: ஜூலைக்குள் பெயர் போயிருக்க வேண்டும்

வியாசர்பாடி என்றால் கால்பந்து. ராயபுரம், காசிமேடு என்றால் பாக்ஸிங். கேரம் போர்டு இல்லாத தெரு முனை நம்மிடம் ஏது? 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். ஆனால் தெருவில் விளையாடுவது சான்றிதழாக மாற வேண்டும் என்றால் பள்ளி வழியாகப் போக வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டம் (பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த வட்டாரம்), மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. குறுவட்டத்துக்கான பெயர்ப் பட்டியல் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே தயாராகிவிடும். எமிஸ் மாறாமல் இருந்த அந்த 19 நாளில் என் மகளின் பெயர் கால்பந்து அணிப் பட்டியலில் சேரவில்லை. பி.டி. சார் நல்ல மனிதர். "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்றார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் அணிக்கு யார் விடுவார்கள்? எமிஸைப் பற்றி மேலே அவ்வளவு நீட்டி எழுதியது இதனால்தான்.

ஆகவே சேர்ந்த முதல் வாரமே பி.டி. சாரை நேரில் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், நான்கு போட்டோ ஒரு கவரில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். தகுதிப் படிவத்தில் போட்டோ ஒட்டித் தலைமை ஆசிரியர் கையெழுத்து வேண்டும். முதலமைச்சர் கோப்பைக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய இணையதளத்தில் பதிய வேண்டும். எந்தத் தேதி என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் 300 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி, இடுப்பு உயரக் கோப்பை கொடுக்கும் போட்டிகளுக்கு ஆசைக்குப் போகலாம். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழை நம்பாதீர்கள்.

என்.சி.சி.யில் ஜூனியர் பிரிவு இரண்டு ஆண்டு. 'ஏ' சான்றிதழுக்கு முகாமும் தேர்வும் உண்டு. எட்டில் சேர்ந்தால் ஒன்பதில் முடியும். ஒன்பதில் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டு பத்தாம் வகுப்பில் விழும். முகாமுக்கு விடுவார்களா என்று பள்ளியில் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு கேட்பார்கள். சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ் இவற்றுக்குச் செலவு சீருடைதான்.

9. பதினொன்றுக்கு ஒன்பதிலேயே கேட்க வேண்டியது

சேர்க்கும்போதே "லெவன்த்தில் என்ன என்ன குரூப்?" என்று கேளுங்கள். பயோ-மேக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் என்று பலகையில் இருக்கும். உயிரியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, சொந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கே எத்தனை மதிப்பெண் கேட்கிறார்கள் என்பதைப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் தெரிந்துகொள்ள முடியும். பன்னிரண்டில் அறிவியல் பாடங்களுக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பதினொன்றுக்கு இருந்த பொதுத் தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். அதனால் சில இடங்களில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்; அதை நடத்துகிறார்களா என்று விசாரியுங்கள்.

பதினொன்றில் சேர்ந்ததும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு ஒன்று வரும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் கேள்விகள். தேர்வாகும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். பல பள்ளிகள் சொல்லவே சொல்லாது. ஆகஸ்டிலேயே தமிழ் ஆசிரியரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.